ஆப்பிள் மரத்தில் அப்பாவின் சட்டை

நரின்
14 மே 2003

என் கண்மணி கியாலுக்கு,

உன் எனே, உன் அப்பாவைப் பெற்றவள், ஆறாத சூட்டோடு சலாம் அனுப்புகிறேன். இங்கே ஆளும் நலம், ஆடும் நலம். உன் உடம்பு எப்படி? கால் நனையாமல் பார்த்துக்கொள்கிறாயா?

முதலில் நம் பிள்ளைகளின் சேதி. உன் சித்தப்பா மகன் தாலாய் மாவட்ட மல்யுத்தத்தில் மூன்றாவதாக வந்தான். முதல் இரண்டு பேரும் தடியன்கள், அவர்களை மனிதக் கணக்கில் சேர்க்க முடியாது. அதனால் இவன்தான் முதல் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். பெகிமாய்க்கு ஓஷில் மருந்துக்கடையில் வேலை. வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறாளாம். நாலு வயது எர்போல், விருந்தில் நின்று நம் ஏழு தலைமுறைத் தகப்பன்மார் பெயரையும் மூச்சு விடாமல் சொன்னான். பெரியவர்கள் வாயைப் பிளந்து, வெந்த ஆட்டுக் காதைப் பரிசாக அவன் கையில் கொடுத்தார்கள்.

இப்போது நீ. பல்கலைக்கழகமே பொறுக்கியெடுத்து அனுப்பிய ஐந்து பேரில் ஒருத்தி! உயிர்க்கோளக் காப்பகம் என்று நீ எழுதிக் கொடுத்த சீட்டை மேலங்கிப் பையிலேயே வைத்திருக்கிறேன். சந்தையில் யாராவது "பேத்தி எங்கே?" என்றால் எடுத்துப் படிப்பேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இவ்வளவு நீளச் சொல் என் வாயிலிருந்து வருவதைக் கேட்டு அவர்கள் மேற்கொண்டு ஒன்றும் கேட்பதில்லை.

ஆனால் எனக்குத் தெரிய வேண்டும். காட்டில் போய் என்னதான் படிப்பீர்கள்? இங்கே பாப்லர் மரத்தையும் வில்லோவையும் தவிர நான் எதைப் பார்த்தேன்? எல்லாவற்றையும் எழுது. அங்கே தொலைபேசி இல்லாதது நல்லதுதான். பேசினால் காற்றோடு போய்விடும். கடிதம் என்றால் திரும்பத் திரும்பப் படிக்கலாம்.

அடுத்த வீட்டு ஸூரா, பேரன் பட்டாளத்து உடுப்பில் நிற்கிற படத்தை அலமாரி மேல் வைத்திருக்கிறாள். நீயும் காட்டில் நிற்கிற மாதிரி ஒரு புதுப் படம் அனுப்பு.

உனக்கு நல்லதையே கேட்கும்,
எனே

*

மேல்சரிவு முகாம்
8 ஜூன்

அன்புள்ள எனேவுக்கு,

சலாம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? சிவப்புப் பசு கன்று போட்டதா? நான் நலம். கால் நனைகிறது, ஆனால் காய்ந்தும் விடுகிறது.

எனே, இது நீங்கள் நினைக்கிற காடு இல்லை. அக்ரூட் மரங்கள் வானத்தை மூடி நிற்கின்றன. நடுநடுவே பேரி, பிளம், ஆப்பிள். யாரும் நட்டதில்லை. நாங்கள் தேடுவது ஒரே ஒரு காட்டு ஆப்பிளை. பூ சிவப்பு, இலை நரம்பு சிவப்பு, பழத்தை வெட்டினால் உள்ளே சதையும் பீட்ரூட் போலச் சிவப்பு. உலகத்தில் மிச்சம் இருப்பதே கொஞ்சம். அதில் சில மரங்கள் இந்தச் சரிவில் இருக்கின்றன.

அக்டோபரில் தலைநகரிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள். பழத்தை வெட்டிக் காட்டி, விதையைக் கையில் கொடுத்தால் இந்தச் சரிவு காப்பு எல்லைக்குள் வரும். இல்லாவிட்டால் அடுத்த வசந்தத்திலிருந்து மாடு மேய்க்கவும் விறகு வெட்டவும் விட்டுவிடுவார்கள். மாடு தின்றால் மரக்கன்று ஒன்றும் எழும்பாது. எங்கள் ஆசிரியை ராஹிமா அக்கா இந்தப் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார். என் பட்டமும் இதில்தான் இருக்கிறது.

கண்டுபிடித்த மரத்தைத் தவற விடாமலிருக்க, கிளையில் சிவப்புத் துணி கட்டுகிறோம். பள்ளிக்கூடக் கிட்டங்கியில் பழைய ஊர்வலப் பதாகைத் துணி சுருள் சுருளாகக் கிடந்தது. அதைக் கிழித்துக்கொண்டோம்.

இன்னொன்று. இந்த ஆப்பிள் விதையைக் காடெங்கும் பரப்புவது கரடி. அதனால் கரடி எச்சத்தைக் கிளறி, விதை இருக்கிறதா என்று பார்க்கிறோம். அது என் வேலை.

ருஷ்யாவுக்கு வேலைக்குப் போன அப்பாவிடமிருந்து கடிதம் வந்ததா? மார்ச்சில் நவ்ரூஸ் பண்டிகைக்கு முன்னால் வந்ததுதான் கடைசி என்று அம்மா சொன்னாள்.

தேன்காரர் லாரி வாரம் ஒரு முறை வரும். அதில் இதைக் கொடுத்து விடுகிறேன்.

உங்கள் கியால்

*

நரின்
27 ஜூன்

கண்மணி கியாலுக்கு,

சலாம். பசு கன்று போட்டது, கிடாரி. நெற்றியில் வெள்ளை.

உன் கடிதத்தை ஸூராவுக்கும் அவள் சம்பந்திக்கும் உரக்கப் படித்தேன். கரடி வந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறிவிட்டேன். பிறகு சமாளித்து, "கரடியின் உணவுப் பழக்கத்தை ஆராய்கிறாள்" என்று படித்தேன். ஸூரா விடுவாளா?

"அது எப்படி ஆராய்வா? கரடி சாப்பிடறப்போ பக்கத்துல உக்காந்துக்குவாளா?"

"பின்னே? படிச்ச பொண்ணு. உன் பேரன் மாதிரி துப்பாக்கி வேணுமா அவளுக்கு?"

"அப்போ கரடிக்கும் படிப்பு இருக்கணுமே, சும்மா விடறதுக்கு!"

சிரித்துச் சிரித்து அவள் சம்பந்திக்குப் புரையேறிவிட்டது. மானத்தைக் காப்பாற்றிவிட்டேன். நீ மட்டும் கையை நன்றாகக் கழுவு.

எனக்குக் கேட்க நிறைய இருக்கிறது. கரடி வயிற்றில் போன விதை எப்படி முளைக்கிறது? வேகாதா? கொட்டையை உமிழத் தெரியாத மிருகமா அது? பழம் இனிப்பா, புளிப்பா? சிவப்புச் சதை என்றால் பல்லும் சிவக்குமா? யாரும் நடாத ஆப்பிள் யாருடையது? நான் ஆப்பிளைச் சந்தையில் கூடையில்தான் பார்த்திருக்கிறேன். அது ஒரு காலத்தில் காட்டில் தன்பாட்டுக்கு நின்றது என்று எண்ணியதே இல்லை. நேற்று ஒன்று வாங்கி, வெட்டாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இங்கே வைக்கோலுக்கு மழை போதவில்லை. தாலாய்க்குப் புதுச் சப்பாத்து வாங்கினோம்.

படம் வரவில்லையே?

எனே

*

மேல்சரிவு முகாம்
19 ஜூலை

அன்புள்ள எனேவுக்கு,

சலாம். எல்லாரும் நலம்தானே? கிடாரிக்குப் பெயர் வைத்தாயிற்றா?

உங்கள் கேள்விகளை ராஹிமா அக்காவிடம் படித்துக் காட்டினேன். "இந்தம்மாவைச் சேர்த்திருந்தா நம்ம அஞ்சு பேரை ஆறாக்கியிருக்கலாம்" என்றார். கரடி வயிற்றில் விதை வேகாது. தோல் மட்டும் இளகும், அதனால் முளைப்பது சுலபம். பழம் புளிப்பு. பல் சிவக்காது, கூசும். யாரும் நடாத ஆப்பிள் யாருடையது என்று படித்ததும் அவர் சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

இங்கே ஒரு விந்தை நடந்திருக்கிறது. பத்து நாள் மழையில் கீழே தங்கிவிட்டு மேலே வந்து பார்த்தால், எங்கள் மரங்களில் புதுப்புதுத் துணிகள்! வெள்ளை, நீலம், பூப்போட்ட தலைத்துணிக் கிழிசல். கோடை மேய்ச்சலுக்கு மாடு ஓட்டிக்கொண்டு போன பெண்கள் கட்டியிருக்கிறார்கள். நம் ஊற்றடியில் நீங்கள் வேண்டிக்கொண்டு கட்டுவீர்களே, அதே முடிச்சு. ஒரு மரத்தடியில் ஐம்கான் அக்கா என்ற பால்காரப் பெண்மணி உட்கார்ந்து கை ஏந்திக்கொண்டிருந்தார்.

"என்னக்கா இங்க?" என்றேன்.

"மஸார்ம்மா, புனிதமான இடம். புதுசா எழும்பியிருக்கு. செருப்பைக் கழட்டிட்டு வா."

கழற்றிவிட்டுப் போய் உட்கார்ந்தேன். அவர் மருமகள் குழந்தை வேண்டிக் கட்டியிருக்கிறாளாம். எப்படி எழும்பியது என்று யாருக்கும் தெரியவில்லை என்கிறார்கள். மாடுகளை அந்தப் பக்கம் விடுவதில்லை. மரத்தடியில் கன்றுச் செடிகள் தலை காட்டியிருக்கின்றன எனே! கட்டைவிரல் உயரம். பார்த்ததும் குதித்தேன்.

அப்பாவைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை.

உங்கள் கியால்

*

நரின்
10 ஆகஸ்ட்

கியாலுக்கு,

சலாம். கிடாரிக்குப் பெயர் ஆக்தேஷ். நாங்கள் நலம்.

இந்த உறைக்குள் ஒரு துணித்துண்டு இருக்கும். நீலக் கட்டம் போட்டது. எந்தச் சட்டையிலிருந்து கிழித்தது என்று உனக்கே தெரியும். வைக்கோல் அறுப்புக்கு அவன் அதைத்தான் போடுவான். ஓரம் அடித்தது உன் அம்மா. எதற்கென்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஐம்கான் உட்கார்ந்திருந்த மரத்தில் கட்டு. வடக்குப் பக்கக் கிளையில். ருஷ்யா வடக்கேதானே?

இரட்டை முடிச்சுப் போடு.

எனே

*

மேல்சரிவு முகாம்
2 செப்டம்பர்

அன்புள்ள எனேவுக்கு,

சலாம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மா எப்படி இருக்கிறாள்?

கட்டிவிட்டேன். வடக்குக் கிளை, இரட்டை முடிச்சு. முகாமின் வாசலிலிருந்து பார்த்தாலே நீலம் தெரிகிறது. காலையில் எழுந்ததும் அங்கேதான் கண் போகிறது.

எனே, இதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஜூலைக் கடிதத்தில் ஒன்றை முழுங்கிவிட்டேன். அங்கே எந்த மஸாரும் எழும்பவில்லை. முதல் துணியைக் கட்டியது நான். அது ஊர்வலப் பதாகைக் கிழிசல். அதைப் பார்த்துத்தான் அந்தப் பெண்கள் கட்டினார்கள். அன்றைக்கே சொல்லியிருந்தால் நீங்கள் சட்டையைக் கிழித்திருக்க மாட்டீர்கள்.

இப்போது பழம் கனிந்துவிட்டது. பறிக்க விடமாட்டேன் என்கிறார்கள். மஸார் மரத்தில் பழம் பறிக்கக் கூடாது, கிளை ஒடிக்கக் கூடாது. எங்களில் ஒருவன், எர்லான், அவசரப்பட்டு ஒரு பழத்தில் கை வைத்தான். ஐம்கான் அக்கா பார்த்துவிட்டார்.

"கை வீங்கிப் போகும்டா! உங்க வீட்ல பெரியவங்க யாரும் இல்லையா?"

அன்று மாலையிலிருந்து கிராமத்தில் எங்களுக்குப் பாலும் இல்லை, ரொட்டியும் இல்லை. எர்லான் கையை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்கிறான், விஞ்ஞானி!

உண்மையைச் சொன்னால் பழம் கிடைக்கும். சரிவு காப்புக்குள் வரும். ஆனால் துணிகளை அவிழ்த்துவிடுவார்கள். அப்பா துணி வெறும் துணி ஆகிவிடும். சொல்லாமல் இருந்தால் அதிகாரிகளுக்குக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

நீங்கள் சொல்லாமல் நான் வாய் திறக்க மாட்டேன். உடனே எழுதுங்கள்.

கியால்

*

மேல்சரிவு முகாம்
25 செப்டம்பர்

அன்புள்ள எனேவுக்கு,

சலாம். நலமாக இருக்கிறீர்களா? தேன்காரர் மூன்று முறை வந்து போனார். மூன்று முறையும் லாரிக்குப் பின்னால் ஓடினேன். "இல்லம்மா" என்று கையை விரித்தார். கடைசி முறை பாவம் என்று ஒரு தேனடைத் துண்டு கொடுத்தார்.

பழம் உதிர ஆரம்பித்துவிட்டது. காத்திருக்க முடியவில்லை. நேற்று பால் கறக்கும் நேரத்தில் போய்ச் சொல்லிவிட்டேன். மிச்சமிருந்த சிவப்புத் துணிச் சுருளையும் கொண்டுபோய்க் காட்டினேன்.

ஐம்கான் அக்கா வாளியைக் கீழே வைத்தார்.

"நீயா கட்டின?"

"ஆமாக்கா."

"செருப்பைக் கழட்டிட்டு வந்து பக்கத்துல உக்காந்தியே, அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது. பின்னால் நின்ற ஒரு கிழவி, "நான் அங்க அழுதேன்டி" என்றார். இரண்டு பெண்கள் விடுவிடுவென்று மேலே ஏறித் தங்கள் துணிகளை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருத்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போது ஐம்கான் அக்காவின் மருமகள் கொட்டகைக்குள்ளிருந்து வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அத்தே, நான் என்னுதை அவிழ்க்க மாட்டேன். காலையிலேர்ந்து மூணு தடவை வாந்தி எடுத்துட்டேன். இப்ப போய் யாரு கட்டினதுன்னு விசாரிக்கிறதா?"

கிழவிதான் முதலில் சிரித்தார். அழுத அதே கிழவி. ஐம்கான் அக்கா என்னைப் பார்த்து விரலை நீட்டினார். "முதத் துணி உன்னுதுன்னா அந்த இடத்துக்கு வீட்டுக்காரி நீ. விருந்தாளிங்க வந்து இத்தனை நாளாச்சு, ஒருத்தருக்காவது ஏதாவது குடுத்தியா? வீட்டுக்காரி கையால எங்களுக்குக் குடு. மிச்சத்தை நீ எடுத்துக்க."

பறித்து, ஒவ்வொருவருக்கும் இரண்டு கையாலும் கொடுத்தேன். வெட்டினார்கள். இந்த மரத்தடியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், புளிப்பென்று மாட்டுக்குக்கூடப் போடாத பழம். உள்ளே சிவப்பைப் பார்த்ததும் எல்லாரும் துண்டை ஒருவருக்கொருவர் நீட்டிக் காட்டினார்கள். "அடியம்மா" என்றாள் மருமகள்.

உங்கள் பதில் இல்லாமலே செய்துவிட்டேன். கோபமா எனே?

கியால்

*

மேல்சரிவு முகாம்
16 அக்டோபர்

அன்புள்ள எனேவுக்கு,

சலாம். உங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அதையாவது யாரையாவது விட்டு எழுதச் சொல்லுங்கள்.

அதிகாரிகள் வந்தார்கள். பழத்தை வெட்டினேன், விதையைக் கொடுத்தேன், கன்றுகளைக் காட்டினேன். மேல்சரிவு காப்புக்குள் வந்துவிட்டது. ராஹிமா அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

ஆனால் கோடு போட்டபோது ஓடைக்கு மேலே உள்ளதை மட்டும்தான் எடுத்தார்கள். அப்பா துணி கட்டிய மரம் ஓடைக்கு இந்தப் பக்கம். வெளியே போய்விட்டது. வாதாடிப் பார்த்தேன். "ஒரு மரத்துக்காக வரைபடத்தை மாத்த முடியாது" என்றார்கள்.

ஐம்கான் அக்காவிடம் போய்ச் சொன்னேன். "உள்ள இருக்கறத நீங்க பாத்துக்கங்க. வெளிய நிக்கிறத நாங்க பாத்துக்கறோம்" என்று வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அந்த மரத்தில், துணியை அவிழ்த்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனவளே மறுபடி வந்து கட்டிக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை.

அப்பா துணி அப்படியே இருக்கிறது. அவிழ்த்து உங்களுக்கு அனுப்ப வேண்டுமா?

கியால்

*

நரின்
2 நவம்பர்

என் கண்மணி கியாலுக்கு,

உன் எனேயின் சலாம். உடம்புக்கு ஒன்றும் இல்லை. முழங்கால் பழைய முழங்கால்தான். ஆக்தேஷ் இப்போதே முட்ட வருகிறது. இங்கே முதல் பனி விழுந்துவிட்டது.

கோபமா என்று கேட்டிருந்தாய். எதற்குக் கோபம்? முதல் துணியைக் கட்டியது நீ என்று எனக்குத் தெரியாதா? ஜூன் மாதக் கடிதத்தில் நீயே எழுதியிருந்தாய், சிவப்புத் துணி, ஊர்வலப் பதாகை என்று. அந்தக் கடிதத்தை நான் எத்தனை பேருக்குப் படித்துக் காட்டினேன்! ஐந்தாம் வகுப்புத்தான், ஆனாலும் அதற்குள் எழுத்துக் கூட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

தெரிந்துதான் சட்டையைக் கிழித்தேன். ஊற்றடியில் கட்டினேன். கணவாய்ப் பாதை மஸாரில் கட்டினேன். பெகிமாயிடம் சொல்லி ஓஷின் புனித மலையிலும் கட்ட வைத்தேன். அங்கெல்லாம் எத்தனை கூட்டம்! எத்தனை பேர் பிள்ளைகள் ருஷ்யாவில்! துணி மேல் துணி, எது யாருடையது என்றே தெரியாது. புது இடம் என்றால் இன்னும் நெரிசல் இருக்காது, நம் குரலும் கேட்கும் என்று நினைத்தேன். நீ கட்டிய இடம் வேறு. வேறு யார் வீட்டு வாசலிலோ போய் நிற்பதைவிட என் பேத்தி வாசல் மேல் இல்லையா?

பதில் எழுதாததற்குக் காரணம் அது இல்லை. எழுத உட்கார்ந்தால் உன் அப்பா பெயரை எழுத வேண்டிவரும். அதை எழுதாமல் எழுதிப் பழகிவிட்டேன். நீ இரண்டு முறை கேட்டாய். நான் பசுவைப் பற்றி எழுதினேன். மூன்றாவது முறை எழுதப் பசு இல்லை.

இப்போது எழுதுகிறேன். தெமிர்பெக்கிடமிருந்து கடிதம் வரவில்லை. நான் ருஷ்யாவுக்கு, அவனுடைய யெகத்தெரின்பர்க் முகவரிக்கு இரண்டு போட்டேன். இரண்டும் திரும்பி வரவில்லை. திரும்பி வராவிட்டால் யாரோ கையில் வாங்கியிருக்கிறார்கள் என்றுதான் தபால்காரன் சொல்கிறான்.

நேற்று ஸூராவிடம் நம் பிள்ளைகள் சேதியை முதலிலிருந்து சொன்னேன். தாலாய் மல்யுத்தத்தில் முதல். பெகிமாய் மருந்துக்கடையில் வெள்ளைக் கோட்டு. எர்போல் ஏழு தகப்பன்மாரையும் இப்போது தலைகீழாகவும் சொல்கிறான். கியால் ஒரு மலைச் சரிவையே காப்பாற்றினாள், அதிகாரிகள் எழுந்து நின்றார்கள். (நின்றார்கள்தானே? நின்றதாகச் சொல்லிவிட்டேன்.) அதற்கப்புறம், "தெமிர்பெக் ஒன்பது வயதில் பனிப்புயலில் ஆட்டுக்குட்டியை மேலங்கிக்குள் வைத்துக் கணவாய் தாண்டி வந்தான்" என்றேன். ஸூரா கேலி பண்ணவில்லை. உலர்த்திய தயிரில் பிடித்த குருத் உருண்டையை என் பக்கம் தள்ளினாள்.

துணியை அவிழ்க்காதே. மரம் கோட்டுக்கு வெளியே நின்றால் நிற்கட்டும், ஐம்கான் இருக்கிறாள். அவள் மருமகளுக்குப் பிள்ளை பிறந்ததும் எனக்கு எழுது. அவளுக்கு ஒரு தலைத்துணி நெய்து வைத்திருக்கிறேன்.

மே மாதத்திலிருந்து புதுப் படம் கேட்கிறேன். அலமாரி மேல் வைக்கத்தான் அப்போது கேட்டேன். இப்போது அதற்கு மட்டுமில்லை. அந்த மரத்தோடு நின்று எடு. இலை உதிர்ந்திருக்கும், அதனால் நீலக் கட்டம் பளிச்சென்று தெரியும். மரத்துக்குப் பின்னால் ஒளியாதே, உன் முகமும் தெரிய வேண்டும். இரண்டு படி போடு. ஒன்று எனக்கும் உன் அம்மாவுக்கும். மற்றதை யெகத்தெரின்பர்க்குக்குப் போடுவேன். கடிதம் ஏதும் வைக்க மாட்டேன், படம் மட்டும். அவனுக்கு அவன் சட்டை தெரியும். பாதை மூடுவதற்குள் தேன்காரரிடம் கொடுத்துவிடு கண்ணே. படத்தை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்பு, மடங்கக் கூடாது.

எனே